ஜொகூர் வெப்பமும் தசையின் உழைப்பும்: உடல்நீர் இழப்பு ஆய்வின் வரலாறு

உடல்நீர் குறைந்தால் தசையின் ஆற்றல் எவ்வளவு குறையும் என்ற ஆய்வு சுரங்கத்திலும் படை முகாமிலும் பிறந்தது. விளையாட்டுத் திடலுக்குப் பிந்தியே வந்தது. 1923இல் இங்கிலாந்தின் நெவில் மாஸ், வெப்பச் சுரங்கங்களில் வரும் தசைப்பிடிப்பை வியர்வையில் போகும் உப்போடு தொடர்புபடுத்தினார்.

அக்காலத்தில் ஜொகூரின் கடும் உடலுழைப்பு ரப்பர் தோட்டங்களில் நடந்தது. வெயில் ஏறினால் மரத்தின் உள்நீரழுத்தம் தாழ்ந்து பால் ஓட்டம் குறையும். ஆகவே குளுவாங், சிகாமட், கூலாய் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் இருட்டிலேயே பெரட்டு எனும் வருகைப் பதிவுக்குப் போய், விளக்கு வெளிச்சத்தில் மரப்பட்டையை வெட்டத் தொடங்கினர். மரத்துக்காக வகுத்த நேரம் வெட்டுகிறவரையும் ஓரளவு காத்தது. ஆனால் பால் எடுப்பதும், நிறைந்த வாளிகளைக் காண்டா எனும் தோள்தடியில் சுமப்பதும் வெயில் ஏறிய பிறகுதான். தோட்ட மருத்துவம் மலேரியாவுக்குக் காட்டிய அக்கறையை இந்த வியர்வைக்குக் காட்டவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உடலியலாளர் எட்வர்ட் அடால்ஃப் குழுவினர் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை ஆராய்ந்தனர். குறைந்த தண்ணீருக்கு உடலைப் பழக்கிவிடலாம் என்ற படைத்துறை நம்பிக்கை அங்கே பொய்த்தது. பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் உழைப்பவர்கள் வியர்த்த அளவுக்குக் குடிப்பதில்லை என்பதும் தெரிந்தது. முடிவுகள் 1947இல் நூலாயின.

பாலைவனக் கணக்கு ஜொகூருக்கு அப்படியே பொருந்தாது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் வெளியேறும். சொட்டி வீழ்ந்தால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. ஈரக்காற்றில் பெரும்பகுதி சொட்டுகிறது. நீர் போகிறது, சூடு தங்கிவிடுகிறது. இதை ஆராய்ந்தது ஜொகூர் நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் கடற்படையின் வெப்பமண்டல ஆய்வுப் பிரிவு. 1948 முதல் 1953 வரை நடந்த அதன் பணிகளை ஆய்வாளர் மாக்ஃபர்சன் 1960இல் அறிக்கையாக வெளியிட்டார். அதே 1948இல் ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் பிரிட்டிஷ் தரைப்படை காட்டுப்போர்ப் பயிற்சி மையத்தைத் தொடங்கியது. பின்னர் அது கோத்தா திங்கிக்கு மாறியது. ஆய்வுக்கூடத்து ஈரவெப்பம் அங்கே அன்றாட வாழ்க்கை.

தசை வலிமை தனியாக அளக்கப்பட்டபோது எதிர்பாராத முடிவு வந்தது. நீரிழந்தவர்கள் மூட்டை அசைக்காமல் காட்டும் தசைவிசை குறையவில்லை என்று 1964இல் ஸ்வீடனின் பெங்க்ட் சால்டின் கண்டார். 1998இல் மாண்டெய்ன் குழுவினரின் ஆய்வில், எடையில் 4 விழுக்காடு நீர் குறைந்தவர்கள் முழங்காலை நீட்டும் வலிமையை இழக்கவில்லை. தாக்குப்பிடித்த நேரமோ 15 விழுக்காடு சரிந்தது. 2007இல் ஜூடல்சன் குழுவினர் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, வலிமை சுமார் 2, திறன் 3, கடுமுயற்சியில் தாக்குப்பிடித்தல் 10 விழுக்காடு குறைவதாக மதிப்பிட்டனர். ஒரே முறை பாரம் தூக்குகிறவரைவிட, இரண்டாம் பாதி ஆட்டத்தில் ஓடுகிறவருக்கே இழப்பு அதிகம் என்பது இதன் பொருள். குருதி நீர் குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் இரத்தம் குறையும், துடிப்பு விரையும், தோலும் தசையும் ஒரே இரத்தத்துக்குப் போட்டியிடும்.

குடிப்பது பற்றிய அறிவுரையும் ஊசலாடியது. 1965இல் புளோரிடாவில் கேட்டரேட் என்ற விளையாட்டுப் பானம் உருவானது. 1983இல் எஃப் அண்ட் என் நிறுவனம் கொண்டுவந்த 100 பிளஸ் பானம் மலேசியத் திடல்களில் நிலைத்துவிட்டது. 'முடிந்த மட்டும் குடி' என்ற போக்கின் ஆபத்தை 2005இல் வெளியான பாஸ்டன் மாரத்தான் ஆய்வு காட்டியது: பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்த சோடியம் தாழ்ந்திருந்தது. இளநீர் இத்தகைய பானங்களுக்கு ஈடாகுமா என்பதை மலேசியர்களும் ஆராய்ந்தனர். கிளந்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஆய்வில், உடல்நீரை மீட்பதில் இளநீர் விளையாட்டுப் பானத்துக்குப் பெரிதும் பின்தங்கவில்லை. குமட்டலும் குறைவாகவே இருந்தது.

எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் நீரிழக்காமல் பார்த்துக்கொள்வதே அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007இல் வகுத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 கிலோ. ஈரவெப்பத்தில் தண்ணீர் மட்டும் காப்பாகாது. உழைக்கும் நேரத்தையும் மாற்ற வேண்டும். 2023ஆம் ஆண்டு வெப்ப அலையின்போது மலேசியக் கல்வி அமைச்சு பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளையே நிறுத்தச் சொன்னது.