பிரஷர் கூடினால் சத்திரசிகிச்சையை ஏன் தள்ளிப்போடுகிறார்கள்?

2009இல் அம்மாவின் கழுத்தடியில் ஏறிய ஷெல் துண்டை எடுக்கக் கடந்த வருடம்தான் நாள் கிடைத்தது. அன்று காலை பிரஷர் 196/112. வைத்தியர் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டார். இரண்டு நாளாக அம்மா பிரஷர் குளிசை போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. “ஒண்டும் வாயில வைக்கக் கூடாதெண்டுதானே சொன்னவை” என்றார். எனக்கு வைத்தியர்மீதுதான் கோபம். பிறகு தேடி வாசித்தேன். மயக்க மருந்து வைத்தியர் ஒருவரிடமும் கேட்டேன்.

இப்படியான சத்திரசிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுத்து, வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்துவார்கள். அதற்கு நாக்கின் அடியை உலோகக் கருவியால் தூக்க வேண்டும். அந்தப் பகுதி நரம்புகள் நிறைந்தது. ஆள் மயக்கத்தில் கிடந்தாலும் உடம்பு அதை உணரும். அட்ரினலின் பாயும், இதயம் வேகமாக அடிக்கும், பிரஷர் ஏறும். சுகதேகிக்கு மேல் அளவு 20, 30 ஏறிச் சில நிமிடங்களில் இறங்கிவிடும். பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இரத்தக் குழாய்கள் தடித்து இறுகியிருப்பதால் ஏற்றம் இன்னும் பெரிது. பக்கவாதமோ மாரடைப்போ வரக்கூடிய நேரம் அது.

அதற்குச் சற்று முன் எதிர்மாறானது நடக்கிறது என்பதுதான் எனக்குப் புதிது. மயக்க மருந்து ஏறியதும் பிரஷர் விழும், இப்படியானவர்களுக்குக் கூடுதலாகவே விழும். உயர்ந்த அமுக்கத்துக்குப் பழகிய மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போதாமல் போகலாம். ஏற்றத்தைத் தணிக்க ஃபென்டனில், லிக்னோகேயின் போன்ற மருந்துகள் உண்டு. அவற்றுக்கும் எல்லை இருக்கிறது. பிரித்தானிய மயக்க மருந்து வைத்தியர் சங்கத்தின் 2016 வழிகாட்டல், திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்கு முன் பிரஷர் 180/110க்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது. உயிராபத்து என்றால் காத்திருக்க மாட்டார்கள்.

அம்மா போடுவது அட்டினோலோல். அதைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் முன்னையதைவிட எகிறலாம். அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீருடன் போட வேண்டிய குளிசை அது. எனாலப்ரில், லோசார்ட்டன் போன்றவற்றையோ பெரும்பாலும் முதல் நாளே நிறுத்தச் சொல்வார்கள். ஆகவே கிளினிக் கொப்பியைக் காட்டி, ஒவ்வொரு குளிசையையும் தனித்தனியாகக் கேளுங்கள். விடுதியில் அவசரத்தில் நிற்கும் தாதியிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஐந்து கிழமை கழித்துப் போனபோது 148/86. துண்டை ஒரு சிறிய போத்தலில் போட்டுத் தந்தார்கள்.