வாங்கில் ஓர் இடம்

என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்ற சிறுகதையை ஈழத்து இலக்கியத்தில் பரிச்சயமுள்ள நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மேடையிலே நல்லவற்றைப் பேசும் ஒரு பெரிய மனிதரைத் தேடித் தாழ்த்தப்பட்டவர்கள் சிலர் வருகிறார்கள். அவர்களை வீட்டுக்குள்ளே அழைக்க அவருக்கு மனம் வரவில்லை. போகச் சொல்லவும் முடியவில்லை. வெளியே நல்ல நிலவு. அங்கே போய்ப் பேசலாம் என்கிறார். கதை அவ்வளவுதான்.

இதனை நான் ஒரு வரலாற்று ஆவணமாகவே படிக்கிறேன். இந்த மனிதரின் பாட்டனாருக்கு நிலவு தேவைப்பட்டிராது. படலையடியிலேயே நிறுத்தியிருப்பார்; அதிலே கூச்சப்பட ஒன்றுமிருப்பதாக அவர் எண்ணியுமிரார். பேரனுக்கு ஒரு சாட்டு வேண்டியிருக்கிறது. ஒரு சமூகத்தின் விழுமியம் ஆட்டங்காணத் தொடங்கியதற்கு இந்தச் சாட்டைவிடச் சிறந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பாட்டனாரின் பக்கத்திலே ஒருகாலத்தில் சட்டமும் நின்றது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே அடிமைகள் பற்றிய விதிகளும் உண்டு. 1844 இல் அடிமைமுறை ஒழிந்தது, வழக்கம் ஒழியவில்லை. எந்தக் கிணற்றில் அள்ளுவது, தோளிலே துணி போடலாமா, கோயிலின் எந்த எல்லைவரை வரலாம் என்பனவெல்லாம் எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

முதலில் இதைத் துணிந்து கேள்வி கேட்டவர்கள் இளைஞர்கள். 1924 இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் சாதி பாராமல் ஒன்றாயிருந்து உண்டு காட்டினார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்ததும் அவர்களுடைய அழைப்பின் பேரிலேதான். ஆனால், விருந்து ஒருநாட் காரியம். பள்ளிக்கூடத்து வாங்கு அப்படியல்ல.

அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற உத்தரவு வந்தபோதுதான் சமூகத்தின் உண்மை முகம் தெரிந்தது. அதுவரை நிலத்திலோ புறம்பாகவோ இருத்தப்பட்ட பிள்ளைகள் வாங்கிலே ஏறினார்கள். 1930 ஐ ஒட்டிச் சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. கொளுத்தியவர்களை அறிவிலிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே வாங்கிலிருந்து படித்த பிள்ளை நாளை என்ன கேட்குமென்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்!

1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் குடிசையைத் தேடி வேட்பாளர் போகவேண்டியதாயிற்று. வாக்குக் கேட்டவர் அங்கே தண்ணீர் வாங்கிக் குடித்தாரா என்பது வேறு விடயம்.

அடுத்த களம் தேநீர்க்கடை. சிலருக்குக் கிளாசும் கதிரையும். சிலருக்குத் தகரப்பேணியோ போத்தலோ, அதுவும் வெளியே நின்றபடி. 1957 இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இதைக் குற்றமாக்கியது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. பேணி கடையில் இருந்தது. இரண்டையும் சந்திக்கவைக்க ஆட்கள் உள்ளே போய் இருக்கவேண்டியிருந்தது, அடியும் வாங்கவேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடியையும் மீறி யாழ்ப்பாண நகரை அடைந்தது.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே போராட்டம் மூண்டது. வழிமறித்து நின்றவர்களின் முன்னணியில் இருந்தவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் மந்திரி. கல்வி வளர்ந்தால் இவையெல்லாம் தாமாகவே மறைந்துவிடுமென்று சொல்வோர் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் போராட்டத்திலிருந்தே ரகுநாதனின் 'கந்தன் கருணை' நாடகமும் பிறந்தது.

இலக்கியமும் இக்காலத்திலே கைமாறியது. அதுவரை தாழ்த்தப்பட்டவர்களைப் பற்றிப் பெரும்பாலும் பிறரே எழுதினார்கள். இப்போது அவர்களே எழுதினார்கள். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. சவரக்கடையிலிருந்தே அவர் 'மல்லிகை'யை நடத்தினார். டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வந்தது. இவர்களுடைய தமிழைப் பிழையென்று சிரித்த பண்டிதர்களும் இருந்தார்கள். வாங்கிலே இடமில்லாதிருந்தவர்களிடம் இலக்கணம் கேட்டவர்கள் அவர்கள்.

ஆகவே, தலைமுறை மாறினால் மனமும் தானாக மாறும் என்ற கூற்றை நான் ஏற்பதில்லை. காலம் தானாகச் செய்தது மிகக் குறைவு. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, எல்லாச் சாதியினரும் ஒரே பள்ளிக்கூடத்துச் சீமெந்து நிலத்திலே படுத்தார்கள். போர் சாதியை அழித்துவிட்டதென்று அப்போது பலர் எழுதினார்கள். ஊர் திரும்பியபோது படலைகளும் திரும்பிவந்தன.

இன்று யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடையில் யார் எவரென்று எவரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே கிளாஸ்தான். கல்யாணப் பேச்சிலேதான் விசாரணை தொடங்குகிறது. சாதி என்ற சொல்லை அங்கே எவரும் உச்சரிப்பதில்லை, அது நாகரிகமல்ல. ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசும் மாமியும் மிக மரியாதையாகவே கேட்கிறார்: "பிள்ளை எந்த ஊர்? ஊரிலே எந்தக் கோயிலடி?"