ஐந்து ஷில்லிங்கும் ஓர் உயிரும்

கடைகளில் நிகழும் களவைத் தடுக்க, இங்கிலாந்து 1699-இல் ஒரு சட்டம் இயற்றியது. 5 ஷில்லிங்கோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைக் கடையினின்று பிறர் அறியாமல் கவர்ந்தவர்க்கு மரணம் என்றது அச்சட்டம்.

1771-இல் மேரி ஜோன்ஸ் என்னும் இளம்பெண், இலண்டன் துணிக்கடையொன்றில் மஸ்லின் துணி திருடியதற்காகத் தூக்கிலிடப்பட்டாள். அவள் கணவனைக் கடற்படையினர் வலிந்து பிடித்துச் சென்றிருந்தனர். தூக்குமேடைக்குப் புறப்படும்போதும் மார்பில் குழந்தை பால் அருந்திக்கொண்டிருந்ததென, 1777-இல் வில்லியம் மெரடித் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார்.

இத்தனைக் கடுமையால் களவு குறைந்ததா? உயிர்ப்பழிக்கு அஞ்சிய வணிகர் பலர் வழக்கே தொடரவில்லை. ஜூரிகளோ, திருடிய பொருளின் மதிப்பு 4 ஷில்லிங் 10 பென்ஸ் எனத் தீர்ப்பளித்து உயிரைக் காத்தனர். சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய்தான் அது. ஆயினும் அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இவற்றையெல்லாம் சுட்டிக்காட்டி, சாமுவேல் ரோமிலி 1810-இல் கொணர்ந்த திருத்தத்தைப் பிரபுக்கள் சபை தள்ளியது. எதிர்த்து வாக்களித்தவர்களுள் எழுவர் ஆங்கிலிக்கன் ஆயர்கள்; கேன்டர்பரிப் பேராயரும் அவர்களுள் ஒருவர். கடுந்தேவையில் உயிர் காக்க எடுப்பது களவாகாது என்று புனித தோமா அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே கற்பித்திருந்தார். மேரியின் செயல் அதற்குள் அடங்குமா என்பது வேறு வினா. அவ்வினாவை எழுப்பவும் அச்சட்டத்தில் இடமில்லை.

ரோமிலி 1818-இல் மறைந்தார். கடைத்திருட்டுக்கான மரண தண்டனை 1823-இல்தான் முற்றிலும் நீங்கியது.