கெல்லிஸ் கோட்டை: நம்மவர் வியர்வையில் எழுந்த மாளிகை

பேராக் மாநிலத்தின் பத்து காஜாவிலிருந்து கோப்பேங் செல்லும் சாலையில், ராயா ஆற்றங்கரை மேட்டில் நிற்கிறது கெல்லிஸ் கோட்டை. கோட்டை என்று பெயர் பெற்றாலும், இது போருக்காகக் கட்டப்பட்டதன்று. ஒரு தோட்டத் துரை தம் குடும்பத்துக்காக எழுப்பிய மாளிகை.

ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், 1890ஆம் ஆண்டு தமது 20ஆவது வயதில் மலாயாவுக்கு வந்தார். காடு அழித்துச் சாலை போடும் குத்தகைப் பணியில் பொருளீட்டி, கிந்தா வட்டாரத்தில் நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டார். ஏற்கெனவே அங்குக் கட்டியிருந்த வீட்டை ஒட்டி, 1915ஆம் ஆண்டு இந்த மாளிகையின் கட்டுமானத்தைத் தொடங்கினார்.

குதிரை லாட வடிவ வளைவுகள் மூரிய பாணியைக் காட்டுகின்றன. சதுரக் கோபுரம் ஸ்காட்லாந்துக் கோட்டைகளை நினைவூட்டுகிறது. வெயிலுக்கு இதமான நீண்ட தாழ்வாரங்களில் இந்தியக் கட்டடக்கலையின் சாயல் தெரிகிறது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்டன. ஆறு மாடிக் கோபுரத்தில் மின்தூக்கி பொருத்தத் திட்டமிட்டு, அதற்கான குழியையும் விட்டு வைத்தார்கள். பொருத்தியிருந்தால் மலாயாவின் முதல் மின்தூக்கி அதுவாக இருந்திருக்கும் என்பார்கள்.

மாளிகையைக் கட்ட சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். முதல் உலகப் போரின் இறுதியில் பரவிய ஸ்பானிய விஷக்காய்ச்சல் அவர்களில் பலரின் உயிரைப் பறித்தது. அம்மனுக்கு ஒரு கோயில் எழுப்பினால் நோய் தணியும் என்று தொழிலாளர்கள் வேண்ட, ஸ்மித் இசைந்து உதவினார் என்று சொல்லப்படுகிறது. மாளிகைக்கு அருகிலேயே அந்த மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் மேற்புறத்தில் தெய்வச் சிலைகளோடு, தொப்பி அணிந்த துரையின் உருவமும் நிற்கிறது.

1926ஆம் ஆண்டு, போர்த்துகல் சென்றிருந்த ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியா காய்ச்சலால் காலமானார். மனைவி ஆக்னஸ் மலாயாவுக்குத் திரும்பவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பூச்சு வேலைகூட முடியாத சுவர்களைக் காடு சூழ்ந்தது. 'அன்னா அண்ட் த கிங்' (1999) திரைப்படத்தின் சில காட்சிகள் இங்குப் படமாக்கப்பட்டன.

இன்று இது சுற்றுலாத் தலம். பேய்க் கதைகளையும் சுரங்கப் பாதைகளையும் தேடி வருவோர் பலர். மாளிகை துரையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதைக் கட்டியவர்களின் நினைவைத் தாங்கி நிற்பது மாரியம்மன் கோயில். கோட்டையைப் பார்க்கச் செல்வோர் கோயிலையும் பார்த்தால்தான் இந்த வரலாறு நிறைவு பெறும்.