அன்றாட மறதி

சாவியை வைத்த இடம் தெரியாமல் தேடுவது, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வேறு வேலையில் இறங்குவது, தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுவது முதலான நினைவுத் தடுமாற்றங்கள் அன்றாட மறதி எனப்படும். இது மறதிநோய் அன்று. மறதிநோயில், தாமே பார்த்துவந்த வரவு செலவும் பழகிய தெருவில் வீடு திரும்புவதும்கூடக் கைவிட்டுப் போகும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் அந்நோய் உள்ளோர் சுமார் 7.4 விழுக்காடு என 2023இல் ஒரு தேசிய மதிப்பீடு வெளியானது.

1983இல் சண்டர்லாந்து, ஹாரிஸ், பேட்லி ஆகிய ஆய்வாளர்கள் தலைக்காயம் பட்டவர்களின் அன்றாட மறதியை ஆராய்ந்தபோது உறவினர்களிடமும் கேட்டறிந்தனர். மறந்தவருக்குத் தாம் மறந்ததே நினைவிராதே! மறுபுறம், ஞாபகமே இல்லை என்று ஓயாமல் குறைப்படுகிறவர் நினைவாற்றல் தேர்வில் நன்றாகவே செய்வதுண்டு. அவரை வாட்டுவது பெரும்பாலும் மனச்சோர்வு, கவலை, தூக்கமின்மை. வாழ்க்கைத் தரத்தைக் குலைப்பவையும் இவையே.

தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 குறைபாடும் மறதியைத் தரக்கூடிய, மருந்தால் சரிசெய்யத்தக்க காரணங்கள். பி12 என்றதும் புனே நினைவுக்கு வரும். அங்கு கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் நடுவயது ஆண்கள் 441 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். 67 விழுக்காட்டினருக்கு பி12 குறைவு; நகர நடுத்தர வர்க்கத்தாரில் அது 81 விழுக்காடு. சைவ உணவு முக்கியக் காரணம். பால், தயிரில் பி12 உண்டென்றாலும் உண்ணும் அளவு போதுவதில்லை. அந்த ஆய்வு அளந்தது இரத்தத்தைத்தான், நினைவாற்றலை அன்று. குறைபாடு இல்லாதவர் மாத்திரை விழுங்கினால் ஞாபகம் கூடும் என்பதற்கும் சான்றில்லை.

மறதிநோய் முற்றிய நிலையைக் காட்டும் மராத்தித் திரைப்படம் ‘அஸ்து’. புனேயைச் சேர்ந்த சுமித்ரா பாவேயும் சுனில் சுக்தங்கரும் இயக்கியது. ஓய்வுபெற்ற சமஸ்கிருதப் பேராசிரியர் ஒருவர், மகள் கடைக்குப் போன நேரத்தில் காரிலிருந்து இறங்கி ஒரு யானையின் பின்னே போய்விடுகிறார். பேராசிரியராக நடித்த மோகன் அகாஷே மெய்யாகவே மனநல மருத்துவர், புனே பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் கற்பித்தவர். வழிதவறி வந்தவரைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்ளும் யானைப்பாகனின் மனைவி சென்னம்மாவாக நடித்த அம்ருதா சுபாஷுக்கு, 61ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது.