நீலப் பெட்டியும் நிஜ வானமும்

சிமுலேட்டரில் வருஷக்கணக்காகப் பறந்த ஒருவர் முதல்முறையாக நிஜமான செஸ்னாவில் ஏறினால் என்ன நடக்கும்? எந்த நாட்டுப் பயிற்றுநரைக் கேட்டாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

கதவைச் சாத்தியதும் முதல் அதிர்ச்சி: எவ்ளோ சின்ன இடம்! பயிற்றுநரின் தோள் நம் தோளில் இடிக்கிறது. ஆனால் எந்தக் கருவி எங்கே இருக்கு, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்கணும் என்பதெல்லாம் நம்ம ஆளுக்கு அத்துப்படி. பயிற்றுநரே புருவத்தை உயர்த்துகிறார். ஓடுதளத்தில் வேகம் பிடித்ததும் விமானம் இடதுபக்கம் இழுக்கிறது. ஒற்றை எஞ்சின் விமானம் அப்படித்தான் இழுக்கும், வலது காலால் பெடலை மிதித்துச் சரிசெய்யணும். வீட்டில் ஜாய்ஸ்டிக்கை மட்டும் வைத்துப் பறந்தவரின் கால்கள் சும்மா கிடக்கின்றன. மேலே போனதும், சூடான நிலத்திலிருந்து எழும் காற்று வயிற்றைத் தூக்கிப் போடுகிறது. இத்தனைக்கும் நடுவே அவர் கண் கருவிகளை விட்டு அசையவே இல்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பயிற்றுநர் கடைசியில் ஒரு தாளை எடுத்து அந்தக் கருவிகளை மறைக்கிறார்.

"வெளியே பாருங்க. அடிவானம் அங்கதான் இருக்கு."

இதை ஒரு நகைச்சுவையாகத்தான் சொல்வார்கள். கேம் விளையாடினவனுக்கு நிஜம் புரிஞ்சுதாம், அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் செய்த 'தப்பு'க்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சிமுலேட்டர் பேர் வாங்கியதே, வெளியே பார்க்காமல் பறக்கக் கற்றுக்கொடுத்ததால்தான்.

*

1920-ல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கப் பையன் 50 டாலர் கொடுத்து முதல் விமானப் பாடத்துக்குப் போனான். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். பயிற்றுநர் அவனை மேலே கூட்டிப்போய் குட்டிக்கரணம் அடித்தார், சுழன்றார், தாழப் பறந்து ஊரை மிரட்டினார், திரும்பி வந்து இறக்கிவிட்டார். பையன் கட்டுப்பாட்டுக் கருவியைத் தொடக்கூட இல்லை. இதென்ன பாடம் நடத்தும் லட்சணம் என்ற எரிச்சல் அவனை விட்டுப் போகவில்லை.

லிங்க் குடும்பத்துக்கு நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் பியானோவும் ஆர்கனும் செய்கிற தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகள், வால்வுகள், குழாய்கள் எல்லாம் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கைப்பழக்கம். அவற்றை வைத்தே ஒரு குட்டி விமான உடலைத் துருத்திகள்மேல் உட்காரவைத்தார். ஸ்டிக்கைச் சாய்த்தால் காற்று ஒரு துருத்தியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், பெட்டியும் சாயும். 1929-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கட்டைச் சிறகுகள் வைத்த அந்தப் பெட்டிக்குப் பிற்காலத்தில் கிடைத்த செல்லப்பெயர் 'நீலப் பெட்டி'.

அவர் நோக்கம் எளிமையானது: காசில்லாதவனும் தரையிலேயே பாதி கற்றுக்கொள்ளட்டும். சொந்தத் தம்பி ஜார்ஜை இப்படித்தான் தயார்செய்தார். பெட்டியில் சில மணி நேரம், நிஜ விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சி, அதோடு அவர் தனியாகப் பறந்துவிட்டார். சிமுலேட்டரிலிருந்து வானத்துக்குப் போன முதல் ஆட்களில் ஒருவர் என்று ஜார்ஜைச் சொல்லலாம். ஆனாலும் விமானத் துறை திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். காசு போட்டால் ஆடும் குதிரை மாதிரி அதுவும் ஒரு விளையாட்டுச் சாமான்.

*

நிலைமையை மாற்றியது சாவு.

1934 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் தனியார் நிறுவனங்களின் விமான அஞ்சல் ஒப்பந்தங்களை ரத்துசெய்து, வேலையை ராணுவத்திடம் கொடுத்தார். கடும் குளிர்காலம், பனிமூட்டம், இரவுப் பறத்தல். ராணுவ விமானிகளில் பலர் பகல் வெளிச்சத்தில் தரையைப் பார்த்துப் பறந்து பழகியவர்கள். சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் லிங்க்கைப் பேசக் கூப்பிட்டார்கள். நெவார்க் விமானத் தளத்தில் அதிகாரிகள் காத்திருந்தார்கள். ஒரே மூட்டம். இந்த வானிலையில் யாரும் வரமாட்டார்கள் என்று அவர்கள் கிளம்பப் பார்த்தபோது, மூட்டத்துக்குள்ளிருந்து லிங்க்கின் விமானம் இறங்கியது. கருவிகளை மட்டும் நம்பி வந்திருந்தார். அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை. ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. ஒன்றின் விலை சுமார் 3,500 டாலர்.

இதற்குள் பெட்டியும் மாறியிருந்தது. விமானக் கருவிகள் உள்ளே வந்துவிட்டன, மேலே ஒரு மூடி வந்துவிட்டது. மூடியைச் சாத்தினால் உள்ளே இருப்பவருக்கு முள்ளும் எண்ணும் தவிர எதுவும் தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது 10,000-க்கும் மேல் தயாரித்தார்கள். லட்சக்கணக்கான விமானிகள் அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து எழுந்தார்கள்.

*

ஏன் இருட்டு? நம் உடம்பு பொய் சொல்லும் என்பதால்.

உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. நாம் திரும்புவதை அவைதான் சொல்கின்றன. ஆனால் விமானம் ஒரே சீராக ஒருபக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், சில வினாடிகளில் திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும். அப்புறம் நேராகப் போவதாகத்தான் தோன்றும். யாராவது விமானத்தை நேராக்கினால், எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். அதைச் 'சரிசெய்ய' பழைய சாய்வுக்கே திரும்புவோம். உயரம் குறையும். பயந்துபோய் மூக்கைத் தூக்க இழுப்போம். சாய்ந்திருக்கும் விமானம் இழுக்க இழுக்க இன்னும் இறுக்கமாகச் சுழன்று இறங்கும். இதற்கு விமானிகள் வைத்த பெயர் கல்லறைச் சுழல்.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிகளை வைத்துப் பறந்து பழகாத 20 பேர். மேகத்துக்குள் போன மாதிரி வெளிக்காட்சியை மறைத்துவிட்டார்கள். 19 பேர் சுழலில் விழுந்தார்கள், இன்னொருவர் வேறு விதமாகக் கட்டுப்பாட்டை இழந்தார். சராசரியாக அதற்கு எடுத்த நேரம் 178 வினாடி. மூணு நிமிஷம்கூட இல்லை.

அதே பல்கலைக்கழகத்தில் 1975-ல் புரூஸ் ஆர்ட்விக் என்ற மாணவர், கணினித் திரையில் விமானக் காட்சியை வரையும் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த சிமுலேட்டர். வெறும் கோடுகளால் ஆன உலகம். 1982-ல் அது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆனது. சிகாகோ ஏரிக்கரையின் மெய்க்ஸ் ஃபீல்டு ஓடுதளத்தில் ஒரு தலைமுறையே தன் முதல் பறத்தலைத் தொடங்கியது. 2003 மார்ச்சில் ஒரே இரவில் மேயர் புல்டோசர் விட்டு அந்த ஓடுதளத்தைக் கிழித்தபோது, சிகாகோவைப் பார்த்தே இராதவர்கள்கூட வருந்தினார்கள்.

வீட்டுக்கு வந்த சிமுலேட்டரில் துருத்தி இல்லை. நாற்காலி ஆடவில்லை. உடம்பு முழுசாக வெளியே போய்விட்டது, கண்ணும் முள்ளும் மட்டும் மிச்சம். லிங்க் மூடி போட்டுச் செய்ததை இது மூடியில்லாமலே செய்தது.

இது பயிற்சியாகுமா? 1997-ல் அமெரிக்க விமானத் துறை ஒரு பதில் சொன்னது. கருவிப் பறத்தல் தகுதிக்குத் தேவையான 40 மணி நேரத்தில் 10 மணி நேரத்தை, அங்கீகரிக்கப்பட்ட தனிக்கணினிச் சாதனத்தில், பயிற்றுநர் முன்னிலையில் செய்யலாம். அந்த முடிவுக்குப் பின்னாலும் இல்லினாய் ஆய்வுகள் இருந்தன. சலுகை எதற்கு என்று கவனியுங்கள். மேகத்துக்குள் முள்ளைப் பார்த்துப் பறக்கும் கஷ்டமான பகுதிக்கு. காற்றில் ஆடும் விமானத்தைப் பெடல் மிதித்து ஓடுதளத்தில் மெத்தென்று இறக்குவதற்கு இல்லை.

*

இரண்டு வருஷம் கழித்து, 1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடியின் மகன் தன் மனைவியையும் அவர் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வைன்யார்டு தீவை நோக்கிப் பறந்தார். நிஜ வானத்தில் சுமார் 300 மணி நேர அனுபவம் உள்ளவர். கருவிப் பறத்தல் தகுதியை இன்னும் முடித்திருக்கவில்லை. கீழே கடல், சுற்றிலும் புகைமூட்டம், அடிவானம் தெரியாத இருட்டு. விமானம் சுழன்று இறங்கிக் கடலில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். இயந்திரக் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. விமானி திசையுணர்வை இழந்து கட்டுப்பாட்டை விட்டார் என்று விசாரணை முடிந்தது.

சிமுலேட்டர்காரராக இருந்திருந்தால் தப்பித்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. திரையில் முள்ளைப் படிப்பது வேறு. "நீ நேராத்தான் போற" என்று உடம்பு முழுக்கக் கத்தும்போது முள்ளை நம்புவது வேறு. வீட்டு நாற்காலி ஒருபோதும் நம்மை எதிர்த்து வாதாடியதில்லை. அந்த வாதத்தை ஒருமுறையாவது நிஜமாகக் கேட்ட பிறகுதான் முள்ளை நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு பல பத்து லட்சம். அதனால் நம்மில் பலருக்கு வானம் என்றால் கடைசிவரை அந்தப் பெட்டிதான். "வெறும் கேம்தானே" என்று யாராவது சொன்னால் கூச்சப்பட வேண்டியதில்லை. மனிதர்கள் செத்துச் செத்துக் கண்டுபிடித்த ஒரு பழக்கத்தை, கண்ணால் முட்களை வரிசையாக வலம்வரும் பழக்கத்தை, நாம் மேசைமேல் இலவசமாகப் பெற்றிருக்கிறோம். மிச்சப் பாதி காலிலும் வயிற்றிலும் காதிலும் இருக்கிறது. அதைக் கற்றுக்கொடுக்கப் பெட்டிக்குத் தெரியாது.

என்றைக்காவது அந்தச் சின்னக் கதவு நமக்காகத் திறந்தால், பயிற்றுநர் தாளை எடுத்துக் கருவிகளை மறைக்கும்போது சங்கடப்படாமல் தலையைத் தூக்கி வெளியே பார்ப்போம். அவர் நம் பாதியைப் பறிக்கவில்லை, தன் பாதியைத் தருகிறார். மேகம் வரும்போது தாளை அவரே எடுத்துவிடுவார்.