கம்பி ஏன் முனகுகிறது?

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து ஆலங்குளம் பக்கம் காற்றாலையை மட்டுமா சுத்துது? மின்கம்பியையும் முனக வைக்குது. கரண்டு ஓடுற சத்தம் வேற. நான் சொல்வது காற்று போடும் சத்தம்.

1878-ல் செக் இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் கம்பிகளைச் சுழற்றிப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார்: வேகம் கூடினால் சுருதி ஏறும், கம்பி தடித்தால் இறங்கும். காரணம் உராய்வு என்று நினைத்துவிட்டார், பாவம். கம்பி காற்றுக்குக் குறுக்கே அதிர்கிறது என்று காட்டியவர் ராலே பிரபு. கம்பிக்குப் பின்னால் சுழல்கள் மேலும் கீழுமாக மாறி மாறிக் கழன்று போகின்றன. அந்த வரிசை குலையாமல் நிற்பது எப்படி என்று 1911-ல் கார்மான் கணக்குப் போட்டார்.

சின்னப் பாய்மரப் படகு வேகமெடுத்ததும் அடியில் இறக்கிய பலகை 'ம்ம்ம்' என்று பாடுவதும் இதேதான். காற்றுக்குப் பதில் தண்ணீர். பலகையின் பின்விளிம்பு 5 மி.மீ., வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 160 அதிர்வு. விளிம்பை இழைத்துச் சரிவாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மின்கம்பியை இழைக்க முடியாதே! அதிர்ந்து அதிர்ந்து பிடிமானத்தருகே புரி புரியாக அறும். 1920-களில் கலிஃபோர்னியாவில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற பொறியாளர் இரு முனையிலும் எடை வைத்த குட்டிக் கம்பியை அதில் தொங்கவிட்டார். உயர் அழுத்தக் கோபுரங்களுக்குப் பக்கத்தில், கம்பியில் தம்புள்ஸ் மாதிரி தொங்குதே, அதான்.